ஏடும் கத்தியும் ஏந்திய பண்டிதர்

கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே, கையெலும்பு முறிந்த ஒருவனை முதலில் எங்கே கொண்டு செல்வது என்னும் வாதம் இன்றும் வீடுகளில் எழுவதுண்டு. முறிவு வைத்தியரிடம் போய்ப் பத்துப் போடுவோம் என்பார் மூத்தவர். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுப்போம் என்பார் இளையவர். இந்துக்கள் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும் வாதம் ஒன்றே. அதைக் கேட்டே வளர்ந்த யான், நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையென்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு வங்காளப் பண்டிதரின் வரலாறு. அதனை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

மதுசூதன குப்தர் 1800ஆம் ஆண்டில், ஹூக்ளி மாவட்டத்துப் பைத்யபாட்டி என்னும் ஊரிலே, வழிவழியாக வைத்தியம் செய்து வந்த குலத்திற் பிறந்தார். கல்கத்தாச் சம்ஸ்கிருதக் கல்லூரியின் ஆயுர்வேத வகுப்பிற் சேர்ந்து பயின்றார். அவருடைய புலமையைக் கண்ட கல்லூரியார் 1830இல் அவரை அவ்வகுப்பிற்கே ஆசிரியராக்கினர். நேற்றுவரை அருகிலிருந்து படித்தவனை இன்று குருவென்று வணங்குவதா என உடன் பயின்றோர் முறுமுறுத்தனர். அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. பழைய நூல்களைக் கற்பித்ததோடு நில்லாது, மேனாட்டு உடற்கூற்று விரிவுரைகளையும் செவிமடுத்தார். ஹூப்பர் என்பார் எழுதிய ஆங்கில உடற்கூற்று நூலைச் சம்ஸ்கிருதத்திற் பெயர்த்தார்.

1835இல் ஆங்கில அரசு கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரியொன்றை நிறுவியது. அதனோடு சம்ஸ்கிருதக் கல்லூரியின் ஆயுர்வேத வகுப்பு மூடப்பட்டது. தம் வாழ்வின் பிடிமானமாயிருந்த வகுப்பே மறைந்தபோது வேறொருவராயின் மனங்கசந்து ஊர் திரும்பியிருப்பர். மதுசூதனர் அவ்வாறு செய்யவில்லை. புதிய கல்லூரியிலே உடற்கூறு கற்பித்த டாக்டர் குட்ஈவ் அவர்களுக்குத் துணையாசிரியரானார். ஆயினும் பழமையைக் கைவிட்டாரல்லர். அந்த 1835, 1836ஆம் ஆண்டுகளிலேயே சுசுருத சம்ஹிதையைப் பதிப்பித்து, அது அச்சேறி வெளிவரச் செய்தார்.

அந்நாளில் உயர்குலத்து இந்து ஒருவர் பிணத்தைத் தொட்டு அறுப்பது பெருந் தீட்டெனக் கருதப்பட்டது. சாதியார் விலக்கிவிடுவர் என்னும் அச்சமும் இருந்தது. ஆனால், தாம் பதிப்பித்த நூல் என்ன சொல்கின்றது என்பதைப் பண்டிதர் அறிவார். சத்திர வைத்தியம் கற்பவன் உடலின் உள்ளமைப்பைக் கண்ணாற் காணவேண்டும் என்கிறார் சுசுருதர். உடலைப் புல்லாற் பொதிந்து, கூட்டில் வைத்து, நீரில் ஏழு இரவு கிடத்தி, பின்னர் வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்து, தோல் முதலாக ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டுமென்று அவர் முறையும் வகுத்துள்ளார். ஏட்டில் இருந்த இவ்வறிவு, நாளடைவில் வைத்தியர்களின் கையிலிருந்து நழுவிப் போயிற்று. பாடம் இருந்தது, பழக்கம் இல்லை.

1836ஆம் ஆண்டில் ஒருநாள், மாணவர் சிலரோடு அறைக்குட் சென்ற மதுசூதனர், தம் கையாற் கத்தியை எடுத்து மனித உடலை அறுத்துக் காட்டினார். அச்செயலைப் போற்றி வில்லியம் கோட்டையிற் பீரங்கி முழங்கியதென்று கூறுவர். பீரங்கி முழக்கத்திலும் பெரிது, அவர் தம் நெஞ்சினுள் வென்ற அச்சமேயாகும்.

இதனினும் அரிய செயலொன்று பின்னர் நிகழ்ந்தது. மேனாட்டு வைத்தியப் பரீட்சையிற் சித்தியெய்தாத ஒருவர் தமக்குக் கற்பிப்பது தகுமோ என்று மாணவர் ஆட்சேபித்தனர். பண்டிதர் சினக்கவில்லை, தம் புகழை எடுத்துக் காட்டி வாதாடவுமில்லை. 1840இல், தமது நாற்பதாம் வயதில், தாமும் பரீட்சைக்கு அமர்ந்து சித்தியெய்தினார்.

பின்னர், ஆங்கிலம் அறியாதாரும் இவ்வித்தையைக் கற்க வேண்டுமென்று உழைத்தார். இலண்டன் மருந்து நூலை 1849இல் வங்காளியிற் பெயர்த்தார். 1852இல் தொடங்கிய வங்காளி வகுப்பிற்கும் தலைவரானார். நம் நாட்டிலே மானிப்பாயில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கிய பணி இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. அவர் அயலாராயிருந்து நம் மொழியைக் கற்றார். இவரோ நம்மவராயிருந்து அயலார் வித்தையைக் கற்றார். 1856 நவம்பர் 15ஆம் நாள் மதுசூதனர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இலங்கையில் 1961இன் ஆயுர்வேதச் சட்டம் நாட்டு வைத்தியர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. ஆயினும் சட்டத்தால் மட்டும் இரு வைத்தியங்களும் நட்புக்கொள்ளா. முறிவு வைத்தியர் எலும்பின் படத்தைப் பார்க்கக் கூசலாகாது. பட்டம் பெற்ற டாக்டரும், நோயாளி முன்னர் என்ன பத்துப் போட்டார், என்ன குடிநீர் குடித்தார் என்று பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும். வைத்தியம் எவருடையது என்பதன்று வினா. சோதனைக்கு நிற்குமா என்பதே வினா. தம் மாணவர் எழுதிய பரீட்சையைத் தாமும் எழுதத் தயங்காத அப்பண்டிதரின் பணிவு, வைத்தியம் கற்கும் நம் இளைஞர் நெஞ்சிலும் குடிகொள்வதாக!