பரங்கிமலைத் தோமையார்: ஐயமும் மன்றாட்டும்

இயேசுவின் பன்னிரு திருத்தூதருள் ஒருவரான தோமையாரின் வாழ்வை எழுதப் புகுவோர்க்குக் கிடைக்கும் தரவுகள் சில, மரபுரைகளோ பல. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் அவர் பெயரைத் திருத்தூதர் வரிசையில் குறிப்பதோடு அமைகின்றனர். யோவான் நற்செய்தியே அவரைப் பேசவைக்கிறது. அங்கு அவர் பேசும் நிகழ்வுகள் மூன்றும் துன்பச் சூழலில் அமைந்தவை.

இலாசரின் ஊருக்குச் செல்வது உயிருக்கு இடர் என்று சீடர்கள் அஞ்சியபோது, ஆசிரியரோடு சென்று மடியவும் தோமையார் முன்வருகிறார். இறுதி இராவுணவின்போது, இயேசு செல்லும் இடமே தெரியாத தங்களுக்கு வழி எவ்வாறு தெரியும் என வினவுகிறார். சிலுவைச் சாவுக்குப்பின், காயங்களைத் தொட்டாலன்றி உயிர்ப்பை நம்புவதில்லை என்கிறார். இம்மூன்றாவது நிகழ்வே அவருக்கு ‘ஐயுறு தோமா’ என்னும் பெயரைத் தந்தது. முதல் நிகழ்வின் துணிவு மறக்கப்பட்டது. இது நேரிய மதிப்பீடாகாது. எட்டு நாள் கழித்துக் காயங்கள் அவர்முன் காட்டப்பட்டபோது அவர் தொட்டதாக நற்செய்தி கூறவில்லை. இயேசுவை ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிட்டதையே கூறுகிறது. துயருற்றோர் இறைவனிடமே முறையிட்டு வினவுவதை மன்றாட்டாக ஏற்பது விவிலிய மரபு. யோபு நூலும் 22ஆம் திருப்பாடலும் இதற்குச் சான்று. தோமையாரின் வினாக்களை அவநம்பிக்கையாகக் கொள்வதினும் இம்மரபில் வைத்து நோக்குவதே பொருந்தும்.

பிற்கால வாழ்வை விரித்துரைப்பது, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்ததாகக் கருதப்படும் ‘தோமா பணிகள்’. இந்நூலின் தோமையார் இந்தியா செல்ல மறுக்கிறார். தச்சராக வணிகன் ஒருவனுக்கு விற்கப்பட்டே வந்து சேர்கிறார். கொண்டபரன் என்னும் அரசன் மாளிகை கட்டத் தந்த பொருளை ஏழைகளுக்கு ஈந்து சிறைப்படுகிறார். இவ்வரசன் வடமேற்கு இந்தியாவை ஆண்டமைக்கு நாணயங்கள் சான்றாகின்றன. ஏனைய செய்திகளுக்கு அத்தகைய சான்று இல்லை. பின்னர் மஸ்தாய் அரசனின் சிறையில் உடன் கைதிகளிடையே இறைவேண்டல் புரிகிறார். மலையொன்றில் மன்றாடி முடித்தபின் வீரர் நால்வரின் ஈட்டிகளால் மடிகிறார். அம்மலை மயிலாப்பூரை அடுத்தது என்று நூல் சொல்லவில்லை.

தமிழக மரபு அவ்விடத்தைப் பரங்கிமலை எனக் கொள்கிறது. சைதாப்பேட்டைச் சின்னமலைக் குகையில் மறைந்து வாழ்ந்த தோமையார், கி.பி. 72இல் இன்று தாம்பரம் இருப்புப்பாதையை ஒட்டி நிற்கும் இம்மலையில், சிலுவைமுன் வேண்டிக்கொண்டிருக்கையில் ஈட்டியால் குத்தப்பட்டார் என்பது அம்மரபு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ கேட்ட கதை வேறு. மயில்கள் சூழக் காட்டில் வேண்டிக்கொண்டிருந்தவர்மீது, மயிலுக்கு எய்த வேடனின் அம்பு தவறிப் பாய்ந்தது என்கிறார் அவர். கொலை இங்கு விபத்தாகிவிடுகிறது, ஈட்டி அம்பாகிறது, அரசன் மறைந்து வேடன் வருகிறான். இறக்கும்போது அவர் இறைவேண்டலில் இருந்தார் என்பது மட்டும் மாறவில்லை. கல்லறை மண் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் இரண்டிலும் உண்டு: ‘தோமா பணிகள்’ நூலில் அரசன் மகன் குணமடைகிறான், மார்க்கோ போலோவின் குறிப்பில் காய்ச்சலுற்றோர் அச்செம்மண்ணை நீரில் கலந்து பருகுகின்றனர். இறந்தவரின் மன்றாட்டு உயிரோடிருக்கும் நோயாளர்க்கு உரியதாக மாறும் இப்போக்கு, தனியே ஆராயத்தக்கது.

1547இல் போர்ச்சுகீசியர் பரங்கிமலையில் கட்டுமானத்திற்காக அகழ்ந்தபோது கற்சிலுவை ஒன்று கிடைத்தது. தோமையாரே செதுக்கியது என அது போற்றப்பட்டது. அதைச் சூழ்ந்துள்ள பகலவி எழுத்துகள் அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அவற்றின் வாசிப்பில் அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. அண்மைக்கால வாசிப்புகள், சிலுவையை அமைத்தவருக்கு இரங்குமாறு கிறிஸ்துவை வேண்டும் விண்ணப்பம் அது என்பதில் ஒன்றுபடுகின்றன. அதில் தோமையாரின் பெயர் இல்லை.