ஒரு பைசாப் பத்திரிகையும் ஒரு மக்களின் பெயரும்: அயோத்திதாசரும் கோலார் சுரங்கத் தமிழரும்

2024ஆம் ஆண்டின் இறுதியில் தொகைமதிப்புக்காக ஓர் உத்தியோகத்தர் அக்கரப்பத்தனையில் உள்ள எங்கள் லயத்துக்கு வந்தார். இனம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அவர் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தியத் தமிழர் என்றா, மலையகத் தமிழர் என்றா? அந்த நேரத்தில் எனக்குப் பெரியம்மாவின் நினைவு வந்தது. 1977 வன்செயலின்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனவர் அவர். பிறகு கிளிநொச்சியில் காணி திருத்திக் குடியேறினார். தன் பிள்ளைகளை இலங்கைத் தமிழர் என்று பதிந்தார். அவர்களில் இருவரை 2009இல் இழந்தார். ஒரே தாய்க்குப் பிறந்த அக்காவும் தங்கையும் அரசாங்கப் பதிவேட்டில் இரண்டு இனங்கள்.

அன்றிரவு அம்மாவுக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னேன். தன் மக்களின் பெயரை அடுத்தவர் எழுத விடக்கூடாது என்பதற்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். பெயர் அயோத்திதாசப் பண்டிதர். ஊடகக் கல்வியில் பட்டம் பெற்ற எனக்கு, அவர் நடத்திய பத்திரிகையைப் பற்றி வகுப்பறையில் ஒரு வரிகூடச் சொல்லித்தரப்படவில்லை. பிறகு நானாகத் தேடிப் படித்ததையே இங்கே எழுதுகிறேன்.

1845 மே 20ஆம் திகதி பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தீண்டாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பறையர் சமூகத்தில் பிறந்தவர். ஆனால், வீட்டில் ஏடுகளும் தமிழ்ப் புலமையும் வைத்தியமும் இருந்தன. பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் இருந்த திருக்குறள் ஏடு அவர் வழியாகவே எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதர் பின்னாளில் எழுதினார். காத்தவராயன் தன் ஆசிரியர் மீது கொண்ட மதிப்பால் அவருடைய பெயரான அயோத்திதாசரையே தன் பெயராக்கிக்கொண்டார். சித்த வைத்தியம் அவருக்குத் தொழிலானது.

அவருடைய இளமைக்காலம் நீலகிரியில் கழிந்தது. அதுவும் மலை, அதுவும் தேயிலை, அதுவும் கீழ்நாட்டிலிருந்து ஏறிவந்த உழைப்பாளிகள் வாழ்ந்த இடம். 1881 குடிக்கணக்கெடுப்பு வந்தபோது, தங்களை இந்துக்களின் கடைசிப் படியாக எழுதவேண்டாம், பூர்வத் தமிழர் என்று பதியுங்கள் என அவர் கோரினார். அரசு கேட்கவில்லை. 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் ஊட்டியில் மாநாடு கூட்டினார்.

அடுத்த ஆண்டு சென்னையில் பெரிய மனிதர்கள் கூடிய சபையொன்றில், சிவன் கோயிலுக்கும் விஷ்ணு கோயிலுக்கும் தன் மக்கள் ஏன் போகக்கூடாது என்று கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் கருப்பண்ணசாமியும் இருக்கிறார்களே, அது போதாதா என்ற பொருளில் அவருக்குப் பதில் வந்தது. எங்கள் தோட்டங்களில் முனியாண்டியையும் மாடசாமியையும் ரோதைமுனியையும் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பதிலின் சூடு புரியும். எங்கள் சாமிகளை நாங்கள் விரும்பிக் கும்பிடுவது வேறு. உனக்கு அதுவே போதும் என்று இன்னொருவர் அளந்து கொடுப்பது வேறு. காத்தவராயன் என்ற சாமியின் பெயரோடு பிறந்த ஒருவரைப் பார்த்தே அப்படிச் சொன்னார்கள்.

இதன்பின்னர்தான் அவர் இலங்கைக்கு வந்தார். 1898இல் கேணல் ஒல்கொட்டுடன் கொழும்பு வந்து, மாளிகாகந்தையில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பிப் போய்ச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதே காலத்தில்தான் நம் முன்னோர் கங்காணிகளின் பின்னால் மன்னார்க் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே வட தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து சிலர் மலைக்கு ஏறினார்கள், சிலர் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள்.

அந்தச் சுரங்கம் மைசூர் சமஸ்தானத்திலிருந்த கோலார் தங்கவயல். 1880இல் ஜோன் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பனி அங்கே கால்வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், பாறையைக் குடைந்தார்கள். காலப்போக்கில் அந்தக் குழிகள் 3 கிலோமீற்றர் ஆழம்வரை போயின. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. அது இயந்திரங்களுக்கு வந்த மின்சாரம். தொழிலாளி தட்டிக் குடிசைகளின் வரிசையில் கிடந்தான். பாறைவெடிப்பில் செத்தவர்கள் போக, கல்தூசியால் நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள் அதிகம். எங்கள் லயத்தைப் போலவே அவர்களுடைய குடியிருப்புக்கும் பெயர் கூலி லைன்தான்.

அந்தத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு ஒரு கிளை எழுந்தது. 1907 ஜுன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து அவர் ஒரு வாரப் பத்திரிகையை வெளியிட்டார். அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரில் இருந்தது. ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆனது. வரலாறு, வைத்தியம், பண்டிகைகளின் பொருள், கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாத ஊர்கள் பற்றிய செய்தி எல்லாம் அதில் வந்தன. அதைப் பிடித்து நிறுத்தியவர்களில் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். பூமிக்கு அடியில் உழைத்துக் கிடைத்த கூலியில் சந்தா கட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பது அந்தக் காலத்துப் பழக்கம்.

பத்திரிகையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். நாம் தாழ்ந்தவர்கள் அல்லர், தாழ்த்தப்பட்டவர்கள். ஒருகாலத்தில் சாதியில்லாத பௌத்தர்களாக இருந்தோம், அதனாலேயே இழிவுபடுத்தப்பட்டோம் என்பது அவர் கட்டிய வரலாறு. அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால், தனக்கென ஒரு வரலாறு இல்லை என்று நம்பவைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளிக்கு அது தலைநிமிர ஓர் இடம் கொடுத்தது. 1911 கணக்கெடுப்பு நெருங்கியபோது, சாதிப் பெயரை விட்டு பௌத்தர் என்று பதியும்படி அவர் மீண்டும் வலியுறுத்தினார்.

அவரைக் குறையில்லாதவராகக் காட்ட நான் விரும்பவில்லை. ஆங்கில ஆட்சியை அவர் பெரிதும் நம்பினார், சுதேசி இயக்கத்தைச் சாடினார். ஒடுக்கப்பட்ட வேறு சில சாதியினரைத் தன் மக்களிடமிருந்து பிரித்துத் தாழ்வாகவும் எழுதினார். இழிவின் வலியை அறிந்தவரே அதைச் செய்தார் என்பது இன்னும் கசப்பானது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதை வாசகர்களிடம் மறைக்கமுடியாது. தமிழ் பௌத்தம் என்றதும் அம்மாவின் முகம் சுருங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் எழும் விகாரைகளைப் பார்த்த கண்களுக்கு, வெள்ளை மதில் என்றால் காணி போய்விட்டது என்று பொருள். பெரியம்மாவிடம் இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு நியாயமாகவே பட்டது. அயோத்திதாசர் 1898இல் கொழும்பில் கண்ட பௌத்தத்தின் கையில் அரசாங்கமோ துப்பாக்கியோ இருக்கவில்லை. சாதியைக் கேட்காத ஒரு வாசலாகவே அவர் அதைக் கண்டார். 58 ஆண்டுகள் கழித்து நாக்பூரில் அம்பேத்கரும் அதே வாசலால் நுழைந்தார். ஒரே சமயம் அதிகாரமில்லாதவனின் கையில் ஒன்றாகவும் அதிகாரத்தின் கையில் வேறொன்றாகவும் ஆகிறது.

1914 மே 5ஆம் திகதி அயோத்திதாசர் காலமானார். அவருக்குப் பின் தடுமாறி நின்றுபோன 'தமிழன்' 1926இல் மறுபடி வந்தது. இம்முறை அது சென்னையிலிருந்து வரவில்லை. பண்டிதர் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு கோலார் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. அவருடைய நூல்களையும் அங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. 1930இல் தங்களைக் கைரேகை வைத்துப் பதிவதை எதிர்த்து அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யார் நம்மை எப்படிப் பதிவது என்ற கேள்வி அங்கே புதிதல்ல.

யப்பானின் ஒமுத்தா என்ற சிறிய கரையோர நகரில், கைதிகளின் உழைப்பையும் உறிஞ்சி வளர்ந்த மீக்கே நிலக்கரிச் சுரங்கம் 1997இல் மூடப்பட்டது. 2015இல் அதன் பகுதிகள் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. கோலார் சுரங்கம் 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டது. அங்கே மிஞ்சியவை கழிவு மண்மேடுகளும் வேலைதேடிப் பெங்களூருக்கு இரயிலில் போய்வரும் பிள்ளைகளும்தான். எந்தப் பட்டியலும் அவர்களைத் தேடி வரவில்லை. அவர்கள் காசு கொடுத்துக் காப்பாற்றிய எழுத்துகள் மட்டும் பிழைத்தன. 1999 முதல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து வெளியிட்டதால்தான் அக்கரப்பத்தனையிலிருந்து என்னால் படிக்க முடிந்தது.

நம் தோட்டங்களில் 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதையும், வன்னியில் மாண்ட மலையகப் பிள்ளைகளின் பெயர்களையும் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? போரில் இறந்தவர்களைக் கணக்கிடும்போதும் அவர்கள் எந்த ஊர்க் கணக்கிலும் சரியாகச் சேர்வதில்லை. பெரியம்மாவின் இரு பிள்ளைகளின் பெயர்களையும் பிறந்த ஆண்டுகளையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அம்மா தனக்குத் தெரிந்த இன்னும் ஏழு பெயர்களைச் சொன்னார்.

அன்று உத்தியோகத்தரிடம் அம்மா கடைசியில் சொன்ன பதில் மலையகத் தமிழர் என்பது. அவர் அதைப் பதிந்துகொண்டு அடுத்த லயத்துக்குப் போனார்.