தைவான் விமான விபத்தில் அள்ளிய தங்கம்... நேதாஜியின் கடைசிப் பயணமும் ராமநாதபுரம் தொடர்பும்!

டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக ஒரு வித்தியாசமான நகைக் குவியல் இருக்கு. எடை சுமார் 11 கிலோ. பாதி உருகி, கருகி, சாம்பல் ஒட்டிப்போன நகைகள். 1945-ல் தைவானில் ஒரு ராணுவ விமானம் நொறுங்கி எரிந்த இடத்தில் பொறுக்கி எடுத்தவை இவை. அந்த விமானத்தில் போனவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். சரி, இதற்கும் ராமநாதபுரம் சீமைக்கும் என்ன சம்பந்தம்?

யார் இந்த நேதாஜி?

1897 ஜனவரி 23-ல் கட்டாக்கில் பிறந்தவர். ஐ.சி.எஸ். தேர்வில் ஜெயித்தும், 1921-ல் அந்த வேலையை உதறினார். 1938, 1939 என இரண்டு முறை காங்கிரஸ் தலைவர். காந்தியோடு கருத்து மோதல் வர, பதவி விலகி ஃபார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் வெடித்த செய்தி அவருக்குக் கிடைத்ததே சென்னை கடற்கரைக் கூட்டத்தில்தான். அது 1939 செப்டம்பர் 3. அடுத்த சில நாட்களில் மதுரைக்கு வந்தார். அவரை அங்கே அழைத்து வந்தவர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர்.

1941-ல் கொல்கத்தா வீட்டுக்காவலில் இருந்து தப்பி ஜெர்மனி போனார். 1943-ல் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி ஆசியா திரும்பினார். அதே ஆண்டு அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார்.

தங்கம் எங்கிருந்து வந்தது?

ராணுவம் நடத்த பணம் வேணுமே! கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் சேர்ந்த ராமநாதபுரம் சீமையில் இருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழர்கள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையிலும் தமிழ்ப் பெண்களே அதிகம். சேர முடியாதவர்கள் நகையைக் கொடுத்தார்கள். நேதாஜி பேசி முடித்ததும் வளையல், கம்மல், தாலி வரைக்கும் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. 1944-ல் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கியே தொடங்கப்பட்டது.

1945 ஆகஸ்ட் 18: நடந்தது என்ன?

ஜப்பான் சரணடைந்து மூன்றே நாள். சைகோனில் நின்ற ஜப்பானிய குண்டுவீச்சு விமானத்தில் நேதாஜி தரப்புக்கு இரண்டு இடம்தான் கிடைத்தது. அவரும் உதவியாளர் ஹபிபுர் ரஹ்மானும் ஏறினார்கள். நகைப் பெட்டிகளும் ஏறின. அவரது அமைச்சரவையில் இருந்த தமிழர் எஸ்.ஏ. ஐயர் சைகோனிலேயே தங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மதியம் தைபேயில் எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய சில நொடிகளில் இடதுபக்க இன்ஜின் கழன்று விழுந்தது. விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. உடம்பெல்லாம் பெட்ரோல் நனைந்த நேதாஜி, தீயைத் தாண்டி வெளியே வரும்போதே பற்றிக்கொண்டார். அன்று இரவே ராணுவ மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 48.

சாம்பலில் கிடைத்தவை

எரிந்த இடத்தில் சிதறிக் கிடந்த நகைகளை ஜப்பானிய வீரர்கள் பொறுக்கி, பெட்ரோல் டின்னில் போட்டு மூடி டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். அஸ்தி அங்குள்ள ரென்கோஜி கோயிலுக்குப் போனது. கருகிய செவ்வகக் கைக்கடிகாரம் ஒன்றை ஹபிபுர் ரஹ்மான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நகைகள் 1952-ல்தான் இந்தியா வந்து சேர்ந்தன.

சர்ச்சை ஏன் ஓயலை?

ஷா நவாஸ் குழுவும் கோஸ்லா ஆணையமும் விபத்தை ஏற்றுக்கொண்டன. 2005-ல் முகர்ஜி ஆணையம் மறுத்தது. அந்த முடிவை மத்திய அரசு ஏற்கவில்லை. நேதாஜி உயிரோடு இருப்பதாகவே தேவர் நீண்ட காலம் சொல்லி வந்தார். எடுத்துச்சென்ற தங்கத்தில் மீதி எங்கே என்ற சந்தேகம், 2016 முதல் வெளியான அரசுக் கோப்புகளிலும் பதிவாகி இருக்கு.

ஆனால் 80 ஆண்டுகளாக இந்த நகைகளை எல்லோரும் சாவுக்கான சாட்சியாகத்தான் பார்க்கிறோம். அது யாருடைய சேமிப்பு என்ற கேள்வியை அதிகம் கேட்கவே இல்லை. உருகி ஒட்டிப்போனதில் எது யார் வளையல், எது யார் தாலி என்று இனி பிரிக்க முடியாது. கொடுத்தவர்கள் பெயர் மட்டும் இன்னும் சில வீடுகளில் பேச்சாக உயிரோடு இருக்கு. உங்க பாட்டி, பூட்டி யாராவது ரங்கூனிலோ மலேயாவிலோ நகையைக் கழற்றிக் கொடுத்ததாக வீட்டில் கதை இருந்தால், அதைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.