தோல் வாளி ஏந்திய அறிஞர்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும், பட்டம் விட்டு மின்னலின் இயல்பை ஆராய்ந்த அறிவியலாளரே நம் நினைவுக்கு வருவார். அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்ட தலைவர்களுள் ஒருவராகவும் வரலாறு அவரைப் போற்றுகிறது. ஆயின், ஊரில் தீப்பற்றினால் ஓடிச்சென்று அணைப்பதற்கெனத் தொண்டர் குழு கண்ட பிராங்க்ளினை அறிந்தோர் நம்மிடையே சிலரே. மாணவச் செல்வங்கள் அறிந்து பயன்கொள்ளத்தக்கது அவரது வாழ்வின் இப்பகுதியாகும்.

பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பெருங்குடும்பத்தில் பதினைந்தாம் பிள்ளையாகப் பிறந்த இவருக்குப் பத்து வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கு மனம் ஒவ்வாமையால், 1723இல் பதினேழு வயது இளைஞராகப் பிலடெல்பியாவை வந்தடைந்தார். உழைப்பால் உயர்ந்து சொந்த அச்சகம் கண்டார். 1729 முதல் பென்சில்வேனியா கெசட் என்னும் செய்தித்தாளையும் நடத்தலானார்.

அக்காலப் பிலடெல்பியாவில் சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். 1730ஆம் ஆண்டு படகுத்துறைக் கிடங்கு ஒன்றில் பற்றிய தீ, அடுத்திருந்த கிடங்குகளை எரித்துத் தெருவைக் கடந்து வீடுகளையும் அழித்தது. அன்று காற்று பலமாக வீசவில்லை. நல்ல நீரிறைக்கும் பொறிகளும் கருவிகளும் இருந்திருப்பின் தீயைப் பரவாமல் தடுத்திருக்கலாம் என்பதைப் பிராங்க்ளினின் இதழ் சுட்டிக்காட்டியது. ஊரில் உதவும் உள்ளங்களுக்குக் குறைவில்லை. கருவியும் ஒழுங்கும் இல்லாமையே குறை என்பதை அவர் உணர்ந்தார்.

வரும்முன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டவர் நம் வள்ளுவப் பெருந்தகை. குறளை அறியாத பிராங்க்ளினும் அக்கருத்தையே தம் ஊருக்கு எடுத்துரைத்தார். 1735இல், தம் பெயரை மறைத்து, முதியவர் ஒருவர் எழுதுவது போன்ற கடிதமொன்றைத் தம் இதழில் வெளியிட்டார். எரியும் கங்குகளைத் திறந்த கரண்டியில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுதல் கூடாது, மூடிய கலத்திலேயே கொண்டு செல்லல் வேண்டும். புகைபோக்கிகளைத் தக்கவரைக் கொண்டு தூய்மை செய்தல் வேண்டும். தீயணைக்கப் பயிற்சி பெற்ற குழுவொன்று வேண்டும் என்பன அதன் சாரம்.

பிறருக்கு இவ்வாறு முன்காப்பை எடுத்துரைத்தவரின் இல்லத்திலேயே பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. 1736 நவம்பர் 21ஆம் நாள், நான்கே வயதான அவருடைய மகன் பிரான்சிஸ் பெரியம்மையால் இறந்தான். அம்மை குத்திக்கொள்ளும் முறை அந்நாளில் அறிமுகமாகியிருந்தும் அக்குழந்தைக்கு அது செய்யப்படவில்லை. அந்த வருத்தம் பிராங்க்ளினை முதுமைவரை விட்டு அகலவில்லை. பிற பெற்றோராவது விழிப்படையட்டும் என்று தம் தன்வரலாற்றில் அதனை மறையாது எழுதிவைத்தார்.

மகன் மறைந்த பதினாறாம் நாள், அஃதாவது 1736 டிசம்பர் 7 அன்று, யூனியன் தீயணைப்புக் குழு பிறந்தது. அப்போது பிராங்க்ளினுக்கு வயது முப்பது. துயரத்தோடு முடங்கிவிடாமல், ஊரார் வீடுகளைக் காக்கும் பணியில் அவர் இறங்கினார் என்பது நினைந்து போற்றத்தக்கது.

அக்குழுவின் விதிகள் நுட்பமானவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் சொந்தச் செலவில் தோல் வாளிகளும் வலிய துணிப்பைகளும் வாங்கி, எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். வாளிகள் நீர் கொணர்வதற்கு. பைகளோ எரியும் வீட்டிலுள்ள பொருள்களை அள்ளி வெளியேற்றுவதற்கு. குழப்பத்தில் களவு நேராதவாறு சிலர் வாசலில் காவல் நிற்பர். மாதம் ஒரு மாலை கூடித் தீத்தடுப்பைப் பற்றிக் கலந்து பேசுவர். கூட்டத்திற்கு வாராதவர் தண்டத்தொகை செலுத்துவர். அத்தொகையைக் கொண்டே நீரிறைக்கும் பொறிகளும் ஏணிகளும் கொக்கிகளும் வாங்கப்பட்டன. வராதவரின் பணமும் ஊர்ப்பணிக்கே உதவிற்று!

பாஸ்டன் நகரில் முன்பே இத்தகைய சங்கம் இருந்தது. ஆனால் அது தன் உறுப்பினர்க்குள் ஒருவர்க்கொருவர் உதவுவதற்கே ஏற்பட்டது. பிராங்க்ளினின் குழுவோ தம் வீட்டோடு ஊரார் வீடுகளையும் காப்பதை நோக்கமாகக் கொண்டது. மேலும் பலர் சேர முன்வந்தபோது, குழுவைப் பெருக்காமல், தனித்தனிக் குழுக்கள் அமைத்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது. தலைமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு இப்பண்பு வாய்ப்பது அரிது. குழுக்கள் பெருகியபின், ஒரே தீயில் ஓரிரு வீடுகளுக்குமேல் ஊர் இழந்ததில்லை என்று முதுமையில் அவர் மனநிறைவோடு குறித்துள்ளார்.

1752இல் தீக்காப்பீட்டுச் சங்கம் அமைவதற்கும் அவர் முன்நின்றார். மின்னலால் கட்டடங்கள் எரியாதவாறு காக்கும் இடிதாங்கியும் அவர் ஆராய்ச்சியின் பயனே. தொண்டரின் கையும் அறிஞரின் மதியும் ஒரே பகையை எதிர்த்தன எனலாம்.

அவருடைய உள்ளம் விரிந்தது. பிலடெல்பியாவில் எழுந்த பொதுச் சொற்பொழிவு மன்றத்தைப் பற்றி எழுதுகையில், கான்ஸ்டாண்டிநோபிள் முப்தி இஸ்லாத்தை எடுத்துரைக்க ஒருவரை அனுப்பினாலும் அங்கு அவருக்கு மேடை உண்டு என்னும் கருத்தை வெளியிட்டார். குறையும் அவரிடம் இருந்தது, அடிமைகளை வைத்திருந்தார். எனினும் 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையேற்றுப் பணிபுரிந்தார்.

1790 ஏப்ரல் 17ஆம் நாள், 84ஆம் வயதில் பிராங்க்ளின் மறைந்தார். 1871இல் பிலடெல்பியாவில் ஊதியம் பெறும் தீயணைப்புத் துறை ஏற்பட்டது. எனினும், அமெரிக்கச் சிற்றூர்களில் தீயணைப்போருள் பெரும்பாலோர் இன்றும் தன்னார்வத் தொண்டர்களே.

தீப்பற்றியபின் ஓடிவருவது இரக்கம். தீப்பற்றுமுன்னரே வாளியை மாட்டிவைப்பதும், மாதம் தவறாமல் கூடுவதும், வராவிடில் தண்டம் செலுத்துவதும் பொறுப்பு. இரக்கம் நம்மிடம் நிரம்ப உண்டு. பொறுப்பையும் அதனோடு சேர்க்கக் கற்றுக்கொண்டால், நம் தெருக்களில் எத்தனையோ இழப்புகளைத் தவிர்க்கலாம். மாணவர்களே, உங்கள் வாளி ஆயத்தமாக இருக்கட்டும்!