தம் மக்களைத் தீட்டிய மாட்லி

அடிமை முறை ஓர் இனத்தின் உழைப்பைப் பறித்தது. அதன் பின் வந்த ஏளனம் அவ்வினத்தின் முகத்தையே பறித்தது. அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும், தடித்த உதடும் உருண்ட விழியுமாகக் கறுப்பின மக்களைக் காட்டி நகைக்கும் வழக்கம், விளம்பரத் தாள்களிலும் கேலி நாடகங்களிலும் நெடுங்காலம் ஒழியவில்லை. பறிபோன முகத்தை மீட்கத் தூரிகை எடுத்தவர்களுள் ஒருவர் ஆர்ச்சிபால்ட் மாட்லி.

1891இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த மாட்லி, சிகாகோவில் வளர்ந்தார். தந்தை இரயிலின் படுக்கை வண்டியில் பணியாளர். தாய் பள்ளி ஆசிரியை. கட்டடக் கலை பயில உதவித்தொகை தேடி வந்தது. நிலையான வருவாய் தரும் தொழில். ஆனாலும் இளைஞர் மறுத்தார். ஓவியமே வேண்டும் என்ற அவர் உறுதியைக் கண்டு, உதவித்தொகை தர முன்வந்த கல்வியாளர் கன்சாலஸ் அவர்களே ஓவியப் பள்ளியின் முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்தினார். சிகாகோ கலைக் கழகத்தின் அப்பள்ளியில் 1918இல் மாட்லி தேர்ச்சி பெற்றார்.

1924இல் தம் பாட்டியைத் தைல வண்ணத்தில் தீட்டினார். ஒரு காலத்தில் அடிமையாக வாழ்ந்த அம்மூதாட்டி, நாற்காலியில் அமர்ந்து காலுறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறார். மேசைமீது கனிகள்; சுவரில் சிலுவை. படத்தின் மூலையில், அவரை உடைமையாக வைத்திருந்த வீட்டுத் தலைவியின் படம் பாதி வெட்டுண்டு தொங்குகிறது. அன்று ஆண்டவள் ஓரத்துக்குச் சென்றாள். அடிமையாய் இருந்தவள் நடுவில் அமர்ந்தாள். ஒரு சொல்லும் பேசாமல் வரலாற்றைத் திருத்தி எழுதிவிட்டது இவ்வோவியம்!

கறுப்பு என்பது ஒரே நிறமா? இல்லை என்று காட்டினார் மாட்லி. தேன் நிறம், மாந்தளிர் நிறம், கருங்காலி நிறம் என ஒவ்வொரு முகத்துக்கும் உரிய சாயலைத் தேடித் தேடித் தீட்டினார். 1928இல் நியூயார்க்கில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. மறு ஆண்டு குகன்ஹைம் நிதியுதவி பெற்றுப் பாரிஸ் சென்று, இசையும் நடனமும் நெருக்கியடிக்கும் 'புளூஸ்' என்னும் ஓவியத்தைப் படைத்தார். ஊர் திரும்பியபின், சிகாகோவில் கறுப்பின மக்கள் திரண்டு வாழ்ந்த பிரான்ஸ்வில் பகுதியின் மாலைத் தெருக்களையும் இரவு விடுதிகளையும் வரைந்தார். அவருடைய 'இரவு வாழ்க்கை' (1943) இன்று அவர் பயின்ற கலைக் கழகத்திலேயே இடம்பெற்றுள்ளது.

அவர்மீது குறை கூறுவோரும் உண்டு. கூட்டக் காட்சிகளில் சில முகங்கள் பழைய கேலிப் படங்களை நினைவூட்டுகின்றன என்பர். அக்குறையை முற்றும் தள்ளிவிட முடியாது. ஆனால் புனிதரை மட்டும் வரைந்து ஓர் இனத்தை உயர்த்திவிட இயலுமா? சூதாடுவோர், ஆடுவோர், தொழுவோர், தெருவில் வெறுமனே நிற்போர் அனைவருக்கும் படத்தில் இடமுண்டு என்பதே அவர் கொள்கை.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? 1948இல் மனைவி ஈடித் மறைந்தார். குடும்பத்தைக் காக்க, குளியலறைத் திரைச்சீலைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலையில் சில ஆண்டுகள் கழித்தார் மாட்லி. பிறகு மீண்டு வந்து, விடுதலைக்குப் பிந்தைய நூறாண்டைப் பொருளாகக் கொண்ட தம் இறுதி ஓவியத்தை 1960களில் தொடங்கினார். கொண்டாட்டத்தின் ஓவியர் இதில் கொலைகளைத் தீட்டினார். லிங்கன், கென்னடி, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் முகங்கள் அதில் தெரிகின்றன. 1972இல் அதனை முடித்தபின், மறையும்வரை அவர் வேறு ஓவியம் படைக்கவில்லை.

1980இல் வெள்ளை மாளிகை அவரைப் பாராட்டியது. அடுத்த ஆண்டு சனவரியில் சிகாகோவில் காலமானார். அரசு தந்த பாராட்டு பெரிதுதான். அதனினும் பெரிது, காலுறை தைக்கும் கிழவிக்கு அவர் தந்த நடு இடம்.