தொழுவத்தில் பிறந்த தெய்வத்தைக் குறவஞ்சியில் பாடியவர்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

டிசம்பர் பிறந்துவிட்டால் மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரத்தில் இரவு நேரத்தில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் குழுக்களைப் பார்க்கலாம். ஒரு கித்தார், ஒரு தபேலா, நாலைந்து பிள்ளைகள், பாட்டு தெரிந்த ஓர் அம்மா. கிறிஸ்தவர் வீடு என்றில்லை; பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் வாசலுக்கு வந்து நின்று கேட்கும். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்து வரும் பழக்கம் இது.

அந்தப் பாட்டுகளில் சில, கர்நாடக ராகத்தில், நம் ஊர்க் கோயில் பஜனை போலவே ஒலிக்கும். அவற்றுக்கு 150 வயதுக்கு மேல் ஆகிறது. எழுதியவர் பெயரைக் கேட்டால் பாடுகிறவர்களில் பலருக்கும் தெரியாது. அவற்றில் பலவற்றை எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு; இவர் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர்.

பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சைக்கு

வேதநாயகம் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். சைவ வேளாளர் குலத்தில் பிறந்த அவர் தந்தை, கிறிஸ்தவரான பின் தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் வேறு ஒருவர்.

1785-இல் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அப்போது அவர் தமிழ்நாட்டுக்கு வந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ் தெரியும், மராட்டி தெரியும். தஞ்சை அரண்மனையிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. துடிப்பான சிறுவன் வேதநாயகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. பெற்றோரிடம் கேட்டுத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். பிள்ளையைப் போலவே வளர்த்தார்.

அதே சுவார்ட்ஸ் பாதிரியாரின் பாதுகாப்பில் இன்னொரு பையனும் வளர்ந்தான். அவன்தான் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். அந்த நட்பு மன்னர் இறக்கும்வரை நீடித்தது.

மேற்படிப்புக்கு வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் அது. தமிழ் புதிய ஏற்பாடு அச்சான ஊரும் அதுதான். அங்கே வேதப் பாடத்தோடு வானசாஸ்திரம், உடற்கூறு, பூகோளம் எல்லாம் படித்தார். இருபது வயதுக்குள் தஞ்சைக்குத் திரும்பி, மிஷன் பள்ளியில் தலைமையாசிரியரானார்.

குறவஞ்சியில் ஒரு கிறிஸ்துமஸ்

1798-இல் சுவார்ட்ஸ் காலமானார். அதே ஆண்டு சரபோஜி அரியணை ஏறினார். வேதநாயகம் தம் பெரிய நூலான பெத்லகேம் குறவஞ்சியை 1800-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான்.

குறவஞ்சி என்றால் நமக்குக் குற்றாலக் குறவஞ்சி நினைவுக்கு வரும். தலைவன் உலா வருவான். தலைவி அவனைக் கண்டு மயங்குவாள். குறத்தி வந்து தன் மலைவளம் சொல்லி, கை பார்த்துக் குறி சொல்லுவாள். பிறகு அவள் கணவன் சிங்கன் வலையோடு பறவை பிடிக்க வருவான். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் உட்கார்ந்து ரசித்த கூத்து அது.

வேதநாயகம் அந்தச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். உலா வரும் தலைவன் பெத்லகேமில் பிறந்த இயேசு. அவர்மேல் காதல் கொள்ளும் தலைவி தேவமோகினி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் குறத்தி ஞானச்சிங்கி, அதாவது விசுவாசம். வலை விரிக்கும் சிங்கன் போதகர். வலையில் விழும் பறவைகள் மனிதர்கள். அதற்குள்ளேயே கோப்பர்நிக்கஸ் கண்டு சொன்ன கிரக முறையையும், உலகத்துக் கண்டங்களையும் பாட்டாக்கி வைத்தார். குறத்தி வாயிலாக நவீன அறிவியலைச் சொன்ன புலவர் அவர்.

ஏன் குறவஞ்சி? அவர் சொல்ல வந்த செய்திக்கு அந்த வடிவம் பொருந்தியது. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுமையம், கடவுள் மனிதரானார் என்பது. கடவுள் மனித வேடம் போட்டு வந்து போனார் என்று அது சொல்லவில்லை. ஓர் ஏழைப் பெண்ணின் வயிற்றில் பிறந்து, பசித்து, களைத்து, அழுது, செத்துப் போகும் அளவுக்கு முழு மனிதரானார். அப்போதும் முழுக் கடவுளாகவே இருந்தார் என்கிறது. இதை எப்படிச் சொல்லில் வைப்பது என்று திருச்சபை சில நூற்றாண்டுகள் வாதாடி, 451-இல் கால்செதோன் என்ற ஊரில் கூடிய பேரவையில் வரையறுத்தது.

தமிழில் இதைச் சொல்ல அவதாரம் என்ற சொல் தயாராக இருந்தது. ராமனும் கண்ணனும் அவதாரம் என்று அறிந்த மக்களுக்கு, தெய்வம் மண்ணுக்கு இறங்கி வரும் என்பது புதிய செய்தி அல்ல. ஆனால் கிறிஸ்தவர்கள் சொல்லும் அவதாரம் ஒரே முறை நடந்தது. அது பிறந்த இடம் அரண்மனை அல்ல, மாட்டுத் தொழுவம். முதலில் பார்க்க வந்தவர்கள் இடையர்கள். அதை வித்துவான்கள் மட்டும் படிக்கும் காப்பியமாக எழுதாமல், ஊர் நடுவே குறத்தி ஆடிப் பாடும் கூத்தில் வைத்தார் வேதநாயகம். இறங்கி வந்த தெய்வத்தின் கதையைத் தமிழும் இறங்கி வந்து பாடியது.

அரசரின் நண்பர், சபையின் புலவர்

இதற்குப் பிறகு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நோவாவின் பேழையைப் பற்றிய ஞானத்தச்ச நாடகம், மூடப்பழக்கங்களைச் சாடும் சாஸ்திரக்கும்மி, பேரின்பக் காதல், ஜெபமாலை என்று நூல்கள் வரிசையாக வந்தன. வாத்தியக்காரர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். சபைகள் அவரைச் சுவிசேட கவிராயர் என்று அழைத்தன. சரபோஜி மன்னர் இந்து. தஞ்சைப் பெரிய கோயில் அவர் பாதுகாப்பில் இருந்தது. அப்படி இருந்தும், கிறிஸ்தவப் புலவரான தம் பழைய தோழரை அவர் விட்டுவிடவில்லை.

ஒரே மேசை என்ற சோதனை

இத்தோடு கதை முடிந்திருந்தால் இவரைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இவர் வாழ்க்கையில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. அதை மறைத்தால் இவரைப் புரிந்துகொள்ள முடியாது.

தஞ்சைச் சபையில் வேளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் குலத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்களும் ஒரே கூரையின் கீழ்த் தொழுதார்கள். ஆனால் உட்காரும் இடம் வேறு வேறாக இருந்தது. சுவார்ட்ஸ் காலத்தில் இதை மெல்ல மெல்ல மாற்றலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள். 1820-களில் வந்த புதிய மிஷனரிகள் இதை ஏற்கவில்லை. கிறிஸ்துவுக்குள் சாதி கிடையாது. எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், நற்கருணையில் வேறுபாடு கூடாது என்றார்கள்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. பழகிப்போன தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். கல்யாணம், சாவு போன்ற சடங்குகளில் பூ கூடாது என்றார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளையும் ஒதுக்கினார்கள். வேதநாயகம் இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, நான்கும் கொடுமை என்று எழுதினார். சாதி என்பது மதத்தைச் சேர்ந்தது அல்ல, உலக வழக்கம்தான். ஐரோப்பியரிடமும் மேல், கீழ் உண்டு என்று வாதாடினார். 1829 வாக்கில் மிஷன் வேலை கையைவிட்டுப் போயிற்று. சரபோஜி அவரை அரண்மனையில் சேர்த்துக்கொண்டார். 1832-இல் மன்னர் மறைந்ததும் அந்த ஆதரவும் போனது. அடுத்த ஆண்டு கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கடுமையான உத்தரவு போட்டார்.

இன்று திரும்பிப் பார்க்கும்போது, அந்த நான்கில் தமிழ்ப் பாட்டைப் பற்றியும் பூவைப் பற்றியும் வேதநாயகம் சொன்னது சரி. தாய்மொழியில், தன் ராகத்தில் கடவுளைப் பாட ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு. மாலை சூடுவதால் விசுவாசம் கெட்டுப்போகாது. வெளியிலிருந்து வந்தவர்கள் தமிழையும் சாதியையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறியப் பார்த்தார்கள். அது அவர்கள் செய்த தவறு.

ஆனால் சாதி விஷயத்தில் வேதநாயகம் தவறினார். கடவுள் தம் உயர்வை விட்டுத் தொழுவத்துக்கு இறங்கினார் என்று தமிழில் அவரைப் போல மனம் உருகப் பாடியவர்கள் குறைவு. அந்தத் தொழுவத்தில் இடையருக்குத் தனி இடம் ஒதுக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும், தம் பக்கத்தில் வேறு சாதிக்காரர் வந்து உட்காருவதை அவரால் ஏற்க முடியவில்லை. அவர் மூட்டையும் ஒன்றாகவே கட்டப்பட்டிருந்தது. சாதியை விட்டால் தமிழும் போய்விடும் என்று பயந்தார்.

அந்தப் பயம் வீண் என்பதை அவர் ஆயுளிலேயே காலம் காட்டியது. 1853-இல் எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி, மதுரைப் பக்கத்துச் சபைகளுக்காகத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் வேதநாயகத்தின் பாடல்கள் நிறைய இடம் பெற்றன. அப்போது கவிராயருக்கு வயது 79. தஞ்சையில் ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பாட்டு, சாதியை ஏற்காத ஒரு மிஷனரியின் கையாலேயே ஊர் ஊராகப் பரவியது. 1864-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி, 89 வயதில் அவர் தஞ்சையில் காலமானார்.

கடல் தாண்டி வந்த பாட்டு

பின்னர் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெட்டியில் வேதப்புத்தகத்தோடு கீர்த்தனைப் புத்தகத்தையும் கொண்டுவந்தார்கள். புத்தகம் இல்லாதவர்கள் மனப்பாடமாகக் கொண்டுவந்தார்கள். தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தை எழுப்பினார்கள். மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபைகளும் வளர்ந்தன. ஐரோப்பிய மெட்டில் வரும் பாமாலையோடு, நம் ராகத்தில் வரும் கீர்த்தனையும் இன்றுவரை அங்கே நிலைத்திருக்கிறது.

அதே கப்பலில் சாதியும் வந்தது. லயத்தில் யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்று சாதி பார்த்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். தோட்டம் போய், லயம் இடிந்து, எல்லாரும் ஒரே தாமானில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். ஆனாலும் கல்யாணப் பேச்சு வரும்போது அந்தப் பழைய கேள்வி மெதுவாகத் தலையெடுக்கிறது. கோயிலுக்குப் போகிறவர் வீட்டிலும் அது உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவர் வீட்டிலும் உண்டு.

வேதநாயகம் சாஸ்திரியார் தமிழுக்குக் கொடுத்தது பெரிய கொடை. அதை நன்றியோடு பாடுவோம். அவரால் செய்ய முடியாமல் போனது, நம்மால் செய்ய முடிந்த ஒன்றுதான். இந்த டிசம்பரில் பாட்டுக்குழு வாசலுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு அவர் கதையை முழுதாகச் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும், வந்தவர்களை வாசலோடு அனுப்பாமல் உள்ளே அழைத்து, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் காப்பி கொடுங்கள்.