கல்லறைக் கல் சொன்ன கதை

காதர்பேட்டையின் பனியன் கடைகளுக்கும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் பாறைகளுக்கும் உறவு உண்டு என்றால், என்னோடு வணிகம் செய்வோர் சிரிக்கக்கூடும். அந்த உறவைத் தேடிப் படித்தபோதுதான் தாமஸ் ஹென்றி ஹாலண்டின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று.

1868-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்த ஹாலண்ட், 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அந்நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றவர் அவர். 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தப் பெருமையை மறுத்துவிட்டது. ஆனால், அவருடைய கல்லறைக் கல்லின் பெருமை நீடிக்கிறது. 1893-இல் அதை ஆராய்ந்த ஹாலண்ட், அது சென்னையை அடுத்த பல்லாவரம் குன்றுகளின் பாறைவகை எனக் கண்டார். கல்லறைக்கு உரியவரின் பெயரால் அதற்குச் ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பெயர் அது. பல்லாவரத்தின் பெயரைச் சூட்டியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

1900-இல் வெளிவந்த அவருடைய விரிவான ஆய்வு, பல்லாவரத்தையும் சேர்வராயன் மலையையும் நீலகிரியையும் ஒரே பாறைக் குடும்பத்தில் சேர்த்தது. உருகிய குழம்பு இறுகியே இப்பாறை தோன்றியது என அவர் கருதினார். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஈரம் மிகக் குறைந்த சூழலில் பழைய பாறைகள் உருமாறியும் இது உருவாகும் எனப் பின்வந்தோர் நிறுவினர். நீலகிரிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆழத்தில் பிறந்தது இன்று இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் புல்வெளியைச் சுமந்து நிற்கிறது என்றால், நிலம் எழும்பியதும், மேலே மூடியிருந்த பாறைகளை மழையும் ஆறுகளும் அரித்துச் சென்றதும் எத்தனை நெடிய வேலை! முக்கூர்த்தியில் வரையாடுகள் நிற்கும் விளிம்பும், அதற்குக் கீழே சட்டென்று இறங்கும் பள்ளமும் அந்த வேலையின் மிச்சங்களே.

அந்தச் சரிவுதான் எங்கள் ஊர்வரை வருகிறது. முக்கூர்த்திப் பகுதியில் பிறக்கும் பைக்காரா ஆற்றை மலைவிளிம்பிலிருந்து குழாய்களில் இறக்கி, 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். கோவை வட்டாரத்தின் ஆலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் முக்கியக் காரணம். ஆலை நூலை நம்பித்தான் திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது. இதிலும் ஹாலண்டுக்கு மறைமுகப் பங்கு உண்டு. 1916-இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்துக்கு அவரே தலைவர். தொழில் வளர்ச்சியில் அரசு நேரடியாக இறங்க வேண்டும் என்றும், நீர்மின் வளத்தை அளவிட வேண்டும் என்றும் 1918-இல் ஆணையம் பரிந்துரைத்தது. இந்தியத் தொழில்கள் நசிந்ததில் ஆங்கிலேயர் கொள்கைக்கு இருந்த பங்கை, உறுப்பினரான மதன் மோகன் மாளவியா தனிக் குறிப்பாக எழுதிச் சேர்த்தார். இவ்விஷயத்தில் நான் மாளவியாவின் பக்கமே.

ஹாலண்ட் எங்கள் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமாகவும் வந்திருக்கிறார். காங்கயத்தை அடுத்த சிவன்மலையின் அரிய பாறைகளைப் பற்றி 1901-இல் தனி நூலே எழுதினார். குருந்தக் கல் தாங்கிய பாறைகள் அவை. ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது இமயமலை நிகழ்ச்சி. 1893-இல் கட்வாலில் மலை சரிந்து பிரஹி ஆற்றை அடைத்தது. கோஹ்னாவில் பெரிய ஏரி உருவானது. ஹாலண்ட் நேரில் ஆராய்ந்து அறிக்கை தந்தார். கரையோரம் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. கீழே இருந்த ஊர்கள் எச்சரிக்கப்பட்டன. 1894 ஆகஸ்டில் அணை உடைந்து வெள்ளம் கட்வாலின் ஸ்ரீநகரை அழித்தபோது, மக்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள்.

நொய்யலில் அப்படி எவரும் பாறையைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கவில்லை. எங்கள் மண்ணுக்கு அடியிலும் கடினப் பாறையே. நிலத்தடி நீர் அதன் மேற்பகுதியின் சிதைந்த அடுக்கிலும் விரிசல்களிலும் மட்டுமே தங்கும். அதில் இறங்கிய சாயக்கழிவின் உப்பு எளிதில் வெளியேறாது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, காதர்பேட்டைக் கடைகளில் சரக்கு வராத வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் செயல்படுகின்றன. பழைய உப்போ விரிசல்களில் இருக்கிறது.

ஹாலண்ட் பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வராகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, 1947 மே மாதம் மறைந்தார். இந்தியா விடுதலை பெற அப்போது மூன்று மாதங்களே இருந்தன. முக்கூர்த்தி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1990-இல். வரையாட்டைக் காக்கவே அந்த அறிவிப்பு. அதைத் தாங்கும் பாறை அதனால் தப்பித்தது.